தொட்டியின் அடித்தட்டு

சூரிய வெப்ப மின்நிலையம் கட்டுகிறவர்களின் முதல் கவலை கண்ணாடி அல்ல, வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் உப்புத் தொட்டி என்பது என் கட்சி. இந்தத் தொழிலில் பலர் இதை ஏற்பதில்லை. செலவில் பெரும்பங்கு கண்ணாடிப் புலத்துக்குத்தான் போகிறது. கண்ணாடி ஒவ்வொன்றும் நாள் முழுக்கச் சூரியனோடு திரும்பி, ஒளியைக் கோபுர உச்சிக்கு அனுப்ப வேண்டும். படியும் புழுதியைக் கழுவத் தண்ணீருக்கும் பாலைவனத்தில் தட்டுப்பாடு. எல்லாம் உண்மை. ஆனால் மொராக்கோவின் நூர் 3 நிலையத்தில் சுமார் 7,400 கண்ணாடிகள் நிற்கின்றன. அவற்றில் பத்து பழுதானால் உற்பத்திக் கணக்கில் தெரியவே தெரியாது. சூடான உப்புத் தொட்டியோ ஒன்றே ஒன்று. அது ஒழுகினால் அத்தனை கண்ணாடியும் வெறுமனே நிற்கும்.

தொட்டியே இல்லாமலும் கட்டிப் பார்த்தார்கள். கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் 2014-இல் இயங்கத் தொடங்கிய ஐவன்பா நிலையத்துக்கு மூன்று கோபுரங்கள், 392 மெகாவாட். கோபுர உச்சியிலேயே நீர் ஆவியாகி டர்பைனுக்குப் போகும். வெப்பத்தைச் சேர்த்துவைக்க வழியில்லை. பகலில் மட்டும் மின்சாரம் தருவதைச் சூரியத் தகடுகள் மிக மலிவாகச் செய்யத் தொடங்கியபின், இன்னொரு ஐவன்பாவைக் கட்டுவதற்கு நியாயம் இல்லாமல் போய்விட்டது. மொராக்கோவில் மின்தேவை உச்சத்துக்குப் போவது மாலையில். அங்கே வார்சசாத்தில் 2016-இல் இயங்கத் தொடங்கிய நூர் 1-க்கு மூன்று மணி நேரச் சேமிப்பு இருந்தது; பின்னால் வந்த நூர் 2, நூர் 3 இரண்டுக்கும் ஏழு மணி நேரம். விற்க வேண்டியது அந்திக்குப் பிந்தைய மின்சாரம் என்ற தெளிவு அந்த எண்களில் இருக்கிறது.

சேமிக்கும் பொருள் சோடியம் நைட்ரேட் 60 பங்கும் பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கும் கலந்த உருகிய உப்பு. பரவளையக் கண்ணாடி நிலையங்களில் வெப்பத்தைச் சுமக்கும் எண்ணெய் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதைந்துவிடும். ஆகவே அங்கே உப்பு சூடேறும் இடைவெளி சுமார் 100 டிகிரிதான். கோபுரத்தில் உப்பே நேராக மேலேறி, 290-இலிருந்து 565 டிகிரி வரை சூடாகிறது. அதே ஒரு டன் உப்பு இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கிறது. கோபுரத்தின் பெரிய லாபம் இதுதான், ஆபத்தும் இங்கேதான். தொட்டியின் 40 மீட்டர் விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகு அடித்தட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் அது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலும். கீழே இருக்கும் அஸ்திவாரம் அதோடு சேர்ந்து நகராது. மேலே ஆயிரக்கணக்கான டன் உப்பின் பாரம் தட்டை அழுத்திப் பிடிக்கிறது. மேகம் கடந்து, சற்றுக் குளிர்ந்த உப்பு உள்ளே வந்தால் அடித்தட்டின் ஒரு பகுதி சுருங்கப் பார்க்கும், மறுபகுதி விடாது. மெல்லிய தட்டு நெளியும். நெளிவு திரும்பத் திரும்ப நேர்ந்தால் வெல்டிங் விரிசல் விடும். நெவாடாவின் கிரசென்ட் டியூன்ஸ் 110 மெகாவாட்டும் பத்து மணி நேரச் சேமிப்பும் கொண்டது. 2016-இல் அதன் தொட்டி ஒழுகியதால் எட்டு மாதம் நின்றது. 2024-இல் நூர் 3-இன் சூடான தொட்டியும் ஒழுகி, நிலையம் நெடுநாள் முடங்கியது.

அப்படியானால் இந்த வழியே வேண்டாம், பேட்டரி போதுமே என்பார்கள். நான்கு மணி நேரச் சேமிப்புக்கு அவர்கள் சொல்வது சரி. விலையிலும் சில மாதங்களில் நிறுவிவிடும் வேகத்திலும் பேட்டரியோடு உப்பு போட்டியிட முடியாது. இரவு முழுக்க ஓட வேண்டுமென்றால் கணக்கு மாறுகிறது. உப்பில் மணிநேரத்தைக் கூட்ட டர்பைனை மாற்ற வேண்டாம்; தொட்டியையும் கண்ணாடிப் புலத்தையும் பெருக்கினால் போதும். துபாயில் 2023-இல் திறந்த நிலையத்தில் பகலுக்கு 250 மெகாவாட் தகடுகள், இரவுக்கு 15 மணி நேரம் வரை ஓடும் 700 மெகாவாட் வெப்ப நிலையம் என்று பிரித்துக்கொண்டார்கள். இது ஒன்றையொன்று ஒழிக்கும் போட்டி அல்ல என்றே நினைக்கிறேன். பேட்டரி விலை இன்னும் இறங்கினால் எல்லை நகரும், அதை மறுக்கவில்லை.

ஒழுகிய தொட்டிகளைக் கண்டு தொழில்நுட்பமே தவறு என்று முடிவுகட்டுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஸ்பெயினின் அந்தாசோல் 2008 முதல் 28,500 டன் உப்போடு இயங்கிவருகிறது. அதன் சூடு 400 டிகிரிக்குள். 565-இல் அதே பழக்கத்தோடு கட்டியதே கோளாறு. எண்ணெய்க் கிடங்குத் தொட்டிக்கு எழுதிய விதிகள் தினமும் சூடேறி இறங்கும் அடித்தட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. தட்டின் கீழே வெப்பமானிகளை நெருக்கமாகப் பதிக்க வேண்டும். உப்பைச் சீராகப் பரப்பும் குழாய் வளையத்தைக் கோபுரத்துக்குக் கொடுக்கும் அக்கறையோடு வடிவமைக்க வேண்டும். முதல் உப்பை ஊற்றுமுன் வெந்நீராவியோ தீயோ அவசரமாகக் காட்டாமல், சூடான காற்றால் தொட்டியை நிதானமாகச் சூடாக்க வேண்டும். மின் விற்பனை ஒப்பந்தக் கெடுவுக்கு முந்தைய கடைசி வாரத்தில் சுருக்கப்படுவது பெரும்பாலும் இந்தச் சூடாக்கும் நாட்கள்தான்; ஒப்பந்தம் எழுதும்போதே அவற்றைத் தனியாகப் பிரித்து, யாரும் தொடமுடியாதபடி ஒதுக்கிவிட வேண்டும்.