இருட்டில் ஓடும் பந்து

இரவு நேரத்தில் ஷா ஆலம் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஓரிடத்தில் மட்டும் வானம் பளிச்சென்று தெரியும். ஏதோ கோயில் திருவிழா என்று எண்ணிவிடாதீர்கள். சுல்தான் அப்துல் அஜிஸ் ஷா கோல்ப் கிளப் அது. உயரமான கம்பங்களில் விளக்கைப் போட்டு இரவிலும் ஆடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு இது நல்ல ஏற்பாடுதான்.

அந்த மண் என்ன மண் தெரியுமா? ஷா ஆலத்துக்கு முன்பு சுங்கை ரெங்கம் என்று பெயர். கித்தாவும் செம்பனையும் நின்ற தோட்டக்காடு. 1963இல் நகரம் கட்டத் திட்டம் போட்டார்கள். 1978இல் சிலாங்கூரின் தலைநகரம் ஆகிவிட்டது. பிரட்டுக்கு ஆள் நின்ற இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன.

இதைவிட வேடிக்கையான ஆட்டம் ஒன்று உண்டு. கம்ப விளக்கே கிடையாது. கும்மிருட்டு. பந்துதான் வெளிச்சம்! 1980களில் அமெரிக்காவில் பந்தில் துளை போட்டு, ஒளிரும் குச்சியைச் செருகி ஆடினார்கள். குச்சியை வளைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல் உடையும். இரண்டு திரவங்கள் கலந்து பச்சை ஒளி வரும், சூடு இராது. இப்போது வேறு பந்துகளும் வந்துவிட்டன. சிலவற்றை டார்ச் அடித்து ஒளியேற்ற வேண்டும். சிலவற்றின் உள்ளேயே குட்டி விளக்கு. அடி விழுந்ததும் எரிந்து, சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும். அதற்குள் ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்தாக வேண்டும். கொடிக்கம்பத்திலும் குழியிலும்கூட ஒளிக்குச்சிதான். ஆடுகிறவரின் முகம் தெரியாது. மின்மினி பறப்பதுபோல் பந்து மட்டும் பறக்கும்.

இந்தப் பந்துக்கும் நமக்கும் பழைய உறவு. 1848 வாக்கில் ஸ்காட்லாந்தில் 'கட்டாபெர்ச்சா' என்ற பிசினால் கோல்ப் பந்து செய்தார்கள். அந்தப் பிசின் நம் மலாயாக் காட்டு மரத்துப் பால். 'கட்டா' என்பதும் நாம் சொல்லும் 'கித்தா'வும் ஒரே மலாய்ச் சொல்தான். 1898இல் அமெரிக்கர் ஹாஸ்கல் ரப்பர் நூலை இழுத்துச் சுற்றிப் புதுப் பந்து கண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் பால்மரத்து ரப்பர்தான் பந்தின் வயிற்றில் இருந்தது. இன்று உள்ளே இருப்பது செயற்கை ரப்பர்.

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரம் வெட்டப் போன நமக்கு இருட்டு புதிதல்ல. நாம் வயிற்றுக்காக இருட்டில் நடந்தோம், இவர்கள் காசு கொடுத்து நடக்கிறார்கள்! குறை சொல்லவில்லை, ஆடட்டும்.

ஆனால் பெற்றோர்களே, ஒரு விஷயம். கோல்ப் திடல் பக்கத்தில் குடியிருந்தால் பிள்ளைகள் பை தூக்கவும் பந்து பொறுக்கவும் போவார்கள். நாலு வெள்ளி கையில் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? பகலில் போனால் பரவாயில்லை. இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்பும் பையன் காலையில் வகுப்பில் தூங்குவான். வாத்தியாரிடம் கேட்டுப் பாருங்கள். குளத்தில் விழுந்த பந்துக்காக இருட்டில் தண்ணீரில் இறங்கவே விடாதீர்கள். கரையின் புல்லுக்குள் பாம்பு இருக்கும், குளத்தின் ஆழமும் தெரியாது. ஒளிரும் பந்து தண்ணீருக்குள்ளிருந்தும் மின்னும். அருகில் கிடப்பதுபோலவே தோன்றும்.