டெலோஸ் என்னும் கேளிக்கை நகரம்

கிரேக்க நாட்டிலே டெலோஸ் என்றொரு தீவு உண்டு. நாம் இன்று செல்லவிருப்பது அங்கன்று. மைக்கல் கிறைற்றன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1973ஆம் ஆண்டிலே தாமே எழுதி நெறிப்படுத்திய ‘வெஸ்ட்வேர்ல்ட்’ என்னும் திரைப்படத்தில், எதிர்காலத்தில் எழுவதாகக் கற்பனை செய்யப்பட்ட கேளிக்கை நகரமே நமது டெலோஸ். உலகப் படத்தில் அதற்கு இடமில்லை. ஆயினும், பல்லாயிரவர் கூடும் இடமொன்றை எவ்வாறு ஆளவேண்டும், எவ்வாறு ஆளக்கூடாது என்பதை அறிய விரும்புவோர் ஒருமுறை சென்று வரத்தக்க ஊர் அது.

பாலைவெளியின்மேல் மிதந்து செல்லும் ஊர்தியிலே விருந்தினர் வந்து இறங்குகின்றனர். நாளொன்றுக்குக் கட்டணம் 1,000 டொலர். கலிபோர்ணியாவிலே வோல்ட் டிஸ்னி 1955இல் டிஸ்னிலாந்தைத் திறந்தபோது வளர்ந்தோருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டொலர்தான். உள்ளே ஏறும் விளையாட்டுகளுக்குப் புறம்பாகச் சீட்டு வாங்கவேண்டியிருந்தது. டெலோஸின் வாயிற்காவலன் அந்தக் கட்டணமே. கூட்டத்தைக் குறைப்பதற்கு அதனிலும் எளிய வழி வேறில்லை. அதனிலும் இரக்கமற்ற வழியும் வேறில்லை என்பேன்.

வந்தவர்களை மூன்றாகப் பிரித்து விடுகின்றனர். ஒரு சாரார் அமெரிக்க மேற்குப் புறத்துப் பழைய ஊருக்கும், ஒரு சாரார் இடைக்கால ஐரோப்பியக் கோட்டைக்கும், ஏனையோர் பழைய றோமாபுரிக்கும் செல்வர். டிஸ்னியும் இக்கலையை நன்கு அறிந்தவரே. அவரது பூங்காவின் நடுவே ஓர் அரண்மனை உயர்ந்து நிற்கும். வாயிலில் நுழைந்தவர் அதனைக் கண்டதும், எவரும் ஏவாமலே, அதனை நோக்கி நடப்பர். அதன் முன்றிலிலிருந்து பல திசைகளுக்கும் பாதைகள் பிரியும். ‘நெருக்காதீர்கள், விலகுங்கள்’ என்று கூவுவதற்கு ஆள் வேண்டியதில்லை. கண்ணுக்கு ஒன்றைக் காட்டிக் காலை நடத்துகின்ற உபாயம் அது.

டெலோஸில் பணி செய்வோர் பெரும்பாலும் இயந்திர மனிதர். சாராயக் கடைக்காரன், படைவீரன், அரண்மனைத் தோழி யாவரும் இயந்திரங்களே. கைகளை உற்று நோக்கினால் மட்டும் வேறுபாடு தெரியும். விருந்தினர் உறங்கிய பின்னர், பகலிலே சுடப்பட்டு விழுந்தவற்றை வண்டியில் ஏற்றிச் சென்று, பழுது பார்த்து, விடியுமுன் மீண்டும் தெருவிலே நிறுத்துவர். இவற்றையெல்லாம் கட்டுப்பாட்டு அறையொன்றில் இருந்தவாறே சில நிபுணர் நடத்துகின்றனர். அங்கே வரிசை கிடையாது; காத்திருத்தல் கிடையாது. ஆயிரம் டொலர் கொடுத்து வீரனாக வந்தவனுக்கு வரிசையிலே நிற்கப் பொறுமை ஏது?

இவ்வாறு வேலையை மறைத்து வைத்தல் வெறுங் கற்பனையன்று. புளோரிடாவில் 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘மாஜிக் கிங்டம்’ பூங்காவின் கீழே பணியாளருக்கென்று நீண்ட பாதைகள் உள்ளன. அங்கு நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருந்தமையால் ஆழத் தோண்ட இயலவில்லை. ஆகவே, பாதைகளைத் தரை மட்டத்திலே கட்டி, அவற்றின்மேல் மண்ணிட்டுப் பூங்காவை அமைத்தனர். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவிலே நடப்பதாக எண்ணும் தந்தை, உண்மையில் ஒரு கட்டடத்தின் மேற்றளத்திலே நடக்கின்றார்! குப்பை கூளங்களும் குழாய்களின் வழியே காற்றினால் உறிஞ்சப்பட்டு அவர் காணாமலே போய்விடும்.

இனி, டெலோஸின் மறுபக்கத்தைப் பார்ப்போம். விருந்தினர் கையிலுள்ள துப்பாக்கி மனித உடலின் வெப்பத்தை உணர்ந்து வெடிக்க மறுக்கும். ஆதலின் ஒருவரை ஒருவர் கொல்ல முடியாது என்பது நிருவாகத்தாரின் உறுதிமொழி. ஆனால், இயந்திரங்களிடையே பழுதுகள் தொற்றுநோய்போலப் பரவுகின்றன. இயந்திரப் பாம்பொன்று விருந்தினர் ஒருவரைக் கடிக்கின்றது. அதிகாரிகள் கூடிப் பேசுகின்றனர். விருந்தினருக்கோ ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. இறுதியில் ஒரு விருந்தினர் வாளுக்கு இரையாகின்றார். அதிகாரிகள் பதறிப்போய் மின்சாரத்தை முற்றாக நிறுத்துகின்றனர். இயந்திர மனிதரோ தம்முள்ளே சேமித்த மின்னாற்றலால் தொடர்ந்து இயங்குகின்றனர். கட்டுப்பாட்டு அறையின் கதவு தானே பூட்டிக்கொள்கின்றது. உள்ளே இருந்தோர் காற்றின்றி மடிகின்றனர்.

படம் பார்ப்போர் இயந்திரத்தின் வெறியையே பெரிதும் பேசுவர். எனக்கு அந்தக் கதவே பெரிதாகத் தோன்றுகின்றது. வருவோரை ஏற்றிவரவும், பிரித்து அனுப்பவும், மகிழ்விக்கவும் அத்தனை நுட்பமாகத் திட்டமிட்டவர்கள், அவர்களை வெளியேற்றும் வழியை எண்ணிப் பார்க்கவேயில்லை. கிறைற்றன் 1990இல் எழுதிய ‘ஜுராசிக் பார்க்’ நாவலிலும் இதே பிழை வேறு வேடத்தில் வருகின்றது. அங்கே பார்வையாளர் செல்லும் வண்டிகள் மின்சாரத்திலே ஓடுவன. மின்சாரம் நின்றதும் வண்டிகளும் நின்றுவிடுகின்றன. அதுவும், கொடிய விலங்கின் வேலிக்கு அருகே!

உண்மையான பூங்காக்களும் தொடக்கத்திலே தடுமாறின. டிஸ்னிலாந்து திறக்கப்பட்ட 1955 யூலை 17ஆம் நாள், போலிச் சீட்டுகளோடு கூட்டம் புகுந்தது. புதிதாக இட்ட தார் வெயிலில் இளகி மாதரின் குதிச் சப்பாத்துகளைப் பற்றிக்கொண்டது. குழாய் வேலையாளரின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களும் போதவில்லை. அந்த அநுபவத்தின் பின்னரே ஒழுங்குகள் வளர்ந்தன. கூட்டம் நிறைந்தால் வாயிலை மூடுதலும், விளையாட்டு வண்டி இடையிலே நின்றால் பயணிகளை இறக்கிப் பத்திரமாக நடத்திச் செல்லுதலும் இன்று வழக்கமாயின.

எதிர்காலத்திலே டெலோஸ் போன்ற ஒன்றைக் கட்ட முனைவோர், விருந்தினர் ஒவ்வொருவருக்கும் வெளியேறும் வழிகள் இரண்டையாவது முதலிலே காட்டவேண்டும். ஆபத்தின் முதற் குறியை அன்றே அவர்களுக்கு அறிவிக்கவேண்டும். மின்சாரம் அற்றால் பூட்டுவதற்குப் பதிலாகத் திறக்கின்ற கதவுகளை அமைக்கவேண்டும். இது புதுமையான யோசனையன்று. சிக்காகோவிலே 1903 திசெம்பர் 30ஆம் நாள் இறோக்குவா நாடக அரங்கு தீப்பற்றியபோது அறுநூறு பேர் வரையில் இறந்தனர். விடுமுறைக் காலப் பகற்காட்சியாதலின் அவர்களுட் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. வெளியேறும் கதவுகளுட் பல பூட்டப்பட்டிருந்தன. சிலவற்றின் தாழ்ப்பாளைத் திறக்கும் வகையே மக்களுக்குத் தெரியவில்லை. அதன் பின்னரே, உள்ளிருந்து நெருக்குவோரின் உடல் பட்டாலே திறந்துகொள்ளும் குறுக்குச் சட்டம் பொதுமண்டபக் கதவுகளிலே வழக்குக்கு வந்தது. இன்றைய திரையரங்குகள் பலவற்றில் அதனை நீங்கள் காணலாம். டெலோஸின் கட்டுப்பாட்டு அறையிலே அத்தகைய கதவு ஒன்றுகூட இருக்கவில்லை.