கவிழ்ந்திருந்த குடம்



அரியலூரில் ஒரு தாயாரின் இல்லத்திற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருந்த வெண்மையை நான் கண்டதும் அவர் கூசினார். அது அவர் குறையன்று, மண்ணின் இயல்பு. ஆதியில் கடலாயிருந்த இந்நிலத்தின் சுண்ணாம்புக்கல்லே சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்வம். ஆழ்துளைக் கிணற்று நீருக்கோ அதுவே கடினத்தன்மை. நீர் கொதிக்கையில், கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து அடியில் படிகிறது.

தங்கள் ஊரின் நீர் ஆகாதென்று எரிகோவின் மனிதர் முறையிட, எலிசா ஊற்றில் உப்பைப் போட்டதை நினைத்துக்கொண்டேன். (நம் கிணறுகளுக்கு உப்பு வேண்டியதில்லை!)

அத்தாயார் தந்த தேநீரில் உவர்ப்பே இல்லை. கொள்ளிடத்திலிருந்து குழாய்வழி வரும் நீர் என்றார். விடைபெறும்போதுதான் கவனித்தேன்: குடிநீர்க் குடம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குழாயில் மீண்டும் நீர் வர இரண்டு நாட்கள் இருந்தன.