அவள் சொன்னதை நம்பினோமா?

எம் தமையனாரின் கலியாணத்தன்று நிகழ்ந்ததொன்றை முதலிற் கூறிவிடுகின்றோம். தாலி கட்டும் வேளையில் எம் தங்கையைச் சபையிற் காணவில்லை. தேடிச் சென்றபோது, உள்ளறையிலே பட்டுச் சேலையுடன் தரையிற் சுருண்டு கிடந்தாள். "எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். இன்றைக்குமா இந்த வயிற்றுவலி?" என்று கடிந்துகொண்டோம். அவள் மறுமொழி கூறவில்லை. எழுந்து முகங்கழுவி, சபைக்கு வந்து சிரித்தபடி நின்றாள். அச்சிரிப்பை நினைக்குந்தோறும் இன்றும் எம் நெஞ்சு உறுத்துகின்றது.

பதினைந்து வயது முதல் மாதந்தோறும் அவள் பட்ட துன்பத்தை நாம் அறியாதவரல்லோம். வேர்க்கொம்புக் கோப்பி கொடுத்தோம். சுடுநீர்ப் போத்தலை வயிற்றில் வைத்தோம். "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும். கலியாணம் முடித்தால் சரியாகிவிடும்" என்றார் மாமி. ஸ்கானிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே, ஒன்றுமில்லை என்றே நாமும் முடிவுகட்டினோம். ஒன்பது ஆண்டுகளின் பின், வயிற்றிற் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியால் நோக்கிய நிபுணரே நோயின் பெயரைக் கூறினார்: எண்டோமெற்றியோசிஸ்.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் சூலகங்களிலும், குடலின்மேலும், அடிவயிற்றின் பிற இடங்களிலும் வளர்வதே இந்நோய். மாதச் சுழற்சிக்கேற்ப அதுவும் தடித்துக் குருதி கசியும். அக்குருதி வெளியேற வழியின்மையால் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன; உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுமுண்டு. மாதவிலக்கு நாட்களில் மட்டுமன்றி ஏனைய நாட்களிலும் வலியும் களைப்பும் வாட்டும். சிலருக்குப் பிள்ளைப்பேறு அரிதாகும். ஸ்கானிற் படாமலும் நோய் இருத்தல் கூடும். கருத்தரிக்கும் வயதுடைய பெண்களுள் ஏறத்தாழ 10 வீதத்தினர், அதாவது 19 கோடிப் பேர், இதனால் வருந்துகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இதை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. மாத்திரையும் சத்திரசிகிச்சையும் துன்பத்தைத் தணிக்கும். ஆயினும் நோய் திரும்பி வரலாம். கலியாணமோ மகப்பேறோ இதற்கு மருந்தன்று.

உண்மை தெரிந்த அன்று தங்கையிடம் மன்னிப்புக் கேட்டோம். "நோய் உங்களால் வந்ததல்லவே, அக்கா. வலியையும் தாங்கிக்கொண்டு, அது பொய்யல்ல என்று நிரூபிக்கவும் வேண்டியிருந்ததே, அதுதான் பெரிய களைப்பு" என்றாள்.

அன்று முதல் எம் வீட்டுப் பழக்கங்கள் சில மாறின. நேற்றுச் சிரித்தவள் இன்று படுத்திருந்தால், ஏனென்று எவரும் வினவுவதில்லை. வருவதாகச் சொன்ன இடத்துக்குக் கடைசி நேரத்தில் வராதுவிட்டால் மனத்தாங்கல் கொள்வதில்லை. "விசேஷம் ஒன்றுமில்லையா?" என்று பலர் முன்னிலையிற் கேட்போரிடம் பேச்சை மாற்றிவிடுகின்றோம். வலி வந்த நாட்களைக் கொப்பியிற் குறித்து வைக்கின்றோம். வைத்தியரிடம் செல்லும்போது எம்மில் ஒருவர் துணைபோகின்றோம். அறிவுரை கூறுவதைவிட, "இன்றைக்கு என்ன செய்து தரட்டும்?" என்று கேட்பதே அவளுக்கு உதவுகின்றது.

சென்ற மாதம் உறவினர் வீட்டுக் குடிபுகுதலின்போது தங்கை மீண்டும் உள்ளே சென்று படுத்துக்கொண்டாள். தேடி வந்தவர்களை மாமியே வாசலில் மறித்தார். "பிள்ளை கொஞ்சம் ஆறட்டும்" என்று கூறி, கதவை மெல்லச் சாத்தினார்.

உங்கள் இல்லத்திலும் மாதந்தோறும் ஒரு பிள்ளை சுருண்டு படுக்கின்றாளா? அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்னர், அவள் சொல்வதை நம்புங்கள்.