கப்பலும் உண்டு, கடைவீதியும் உண்டு!

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் என்றதும் டேபிள் மலைதான் நினைவுக்கு வரும். அந்த மலையைப் பார்த்தபடி கடலோரத்தில் இருக்கிறது விக்டோரியா அண்ட் ஆல்ஃபிரட் வாட்டர்ஃப்ரன்ட். பழைய துறைமுகம்தான், இப்போது ஊரே கூடும் இடம்.

பெயரை 'ஆல்பர்ட்' என்று மாற்றிச் சொல்பவர்கள் பலர். ஆல்பர்ட், விக்டோரியா மகாராணியின் கணவர். இங்கே குறிப்பிடப்படுபவர் மகன் ஆல்ஃபிரட். புயலிலிருந்து கப்பல்களைக் காக்கும் அலைதடுப்புச் சுவருக்கு 1860-ல் முதல் வண்டிக் கல்லைக் கொட்டியபோது இளவரசருக்கு வயது 16. அதன்பிறகு கல் உடைத்துச் சுமந்தவர்கள் சிறைக்கைதிகள். அவர்களை அடைத்துவைத்த சிறை, பிற்பாடு மேலாண்மைக் கல்லூரியாகிவிட்டது!

பெரிய சரக்குக் கப்பல்கள் பக்கத்தில் கட்டிய புதிய துறைகளுக்கு மாறியதும் இந்த இடம் களையிழந்தது. 1988-ல் இதைச் சீரமைக்கவே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. கடைகளும் ஹோட்டல்களும் வந்தன. ஆனால், துறைமுகத்தின் தொழிலை விரட்டவில்லை. அதுதான் இங்கே பார்க்கவேண்டிய விஷயம்.

1882-ல் திறந்த ராபின்சன் உலர்துறையில் இன்றும் கப்பல்கள் பழுது பார்க்கப்படுகின்றன. கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தில் வேலை செய்வார்கள். மீன்பிடிப் படகுகளும் வந்து போகின்றன. படகுத்துறையில் கடல்நாய்கள் வெயில் காயும். குழந்தைகள் நகரவே மாட்டார்கள்.

57 மீட்டர் உயரத் தானியக் களஞ்சியம் 2017-ல் கலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஒரு மக்காச்சோள மணியின் வடிவத்தைப் பல மடங்கு பெரிதாக்கி, அதன்படியே உள்ளே கான்கிரீட் குழாய்களைக் குடைந்திருக்கிறார்கள்.

கடைகளோடு நின்றுவிடாதீர்கள். 'ஜெட்டி 1' என்ற சிறிய படகுத்துறையையும் தேடிப் பாருங்கள். நிறவெறி ஆட்சியில் கைதிகளை ராபன் தீவுக்குப் படகேற்றிய இடம் இது. உறவினரைப் பார்க்க வந்த குடும்பங்களும் இங்கேதான் காத்திருந்தன. தன் 27 ஆண்டு சிறைவாழ்வில் 18 ஆண்டுகளை மண்டேலா கழித்தது அந்தத் தீவில்தான். அங்கே முன்னாள் அரசியல் கைதிகளே வழிகாட்டிகளாக இருந்து சிறையைச் சுற்றிக்காட்டி வந்திருக்கிறார்கள்.

வாட்டர்ஃப்ரன்டைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. தீவுக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். எனவே, தீவுப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.