ஒரு வருஷ வாடகை

அப்பா விட்டுப்போன ஃபிளாட்டை வாடகைக்கு விடுவது என்று முடிவானதும் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு வருஷ வாடகைக்கு மேல் அதில் காசு போடுவதில்லை. அந்தத் தெருவில் அவ்வளவு பழைய இரண்டு பெட்ரூம் வீடு மாசம் 12,000-க்குப் போகும். பன்னிரண்டு மாசத்துக்கு 1,44,000. அதற்குள் என்ன முடியுமோ அது.

அண்ணன் சிரித்தான். "டைல்ஸ் போடவே அது பத்தாது அம்மணி."

"டைல்ஸ் போட்டாத்தானே?"

கையில் காசு தாராளமாக இருந்திருந்தால் நானும் எல்லோரையும் போலத் தரையைப் பெயர்த்து, சமையல்கட்டைப் பெயர்த்து, கதவுகளைக் கழற்றி எடைக்குப் போட்டிருப்பேன். இல்லாததால் வீட்டை உற்றுப் பார்க்க வேண்டி வந்தது. எது உண்மையில் கெட்டிருக்கிறது, எது வெறுமனே பழசாகியிருக்கிறது என்று பிரிக்க வேண்டி வந்தது. கோவையில் பழைய வீடுகளைக் கெடுத்தது பெரும்பாலும் கையில் புரண்ட காசுதான் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இந்த வேலை முடிந்தபோது அது உறுதிப்பட்டுவிட்டது.

வீடு ராமநாதபுரத்தில், திருச்சி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, லிஃப்ட் கிடையாது. 1980களின் கடைசியில் கட்டியது. மண்ணில் கால் படாத வீடு ஒரு வீடா என்று அப்பாரு கேட்டாராம். மில் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா, பி.எஃப். கடனையும் அம்மாவின் வளையல்களையும் சேர்த்து அதை வாங்கினார். அவர் வேலை பார்த்த மில் இன்று இல்லை. வளையல்களும் இல்லை. வீடு இருக்கிறது.

அப்பா உயில் எழுதவில்லை. அம்மா முன்பே போய்விட்டார். சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகச் சொத்துக்கானது. அதன் துணைகூட இதற்கு வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் சட்டம் ஒரு பக்கம், சீர் ஒரு பக்கம். கல்யாணத்துக்குப் பவுன் போட்டாயிற்று, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு என்பதுதான் நடைமுறை. ஒறம்பரையில் எத்தனையோ அக்கா தங்கச்சிகள் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் அப்படிப் போட்டுவிட்டு, வாசலில் இளநீர் குடித்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள். என் அண்ணன் அதைக் கேட்கவில்லை. அன்னூர்த் தோட்டம் அவனுக்கு, ஃபிளாட் எனக்கு என்று அவனே சொன்னான். வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், விடுதலைப் பத்திரம் என்று அலைந்தோம். அந்தச் செலவை 1,44,000-இல் நான் சேர்க்கவில்லை. அது வீட்டுக்கான செலவு இல்லை, உறவு கெடாமல் இருப்பதற்கான செலவு.

இந்தப் பங்கீட்டில் ஏமாந்தது அண்ணனா நானா என்று சித்தப்பா இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஃபிளாட்டுக்காரருக்குக் கடைசியில் மிஞ்சுவது யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்குதான் என்பது அவர் வாதம். வாதத்தில் பொருள் உண்டு. எங்களுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி சிங்காநல்லூரில் வீட்டுவசதி வாரியம் கட்டிய 960 வீடுகள், காரை உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்து, இடித்துத்தான் கட்ட வேண்டும் என்ற நிலைக்கு வந்தன. பேச்சு வருஷக்கணக்கில் இழுத்தது. வீடு ஆளுக்கு ஒன்று, ஆனால் தளமும் குழாயும் நிலமும் எல்லோருக்கும் பொது. ஒருத்தர் நகர மறுத்தால் மற்றவர்களும் நகர முடியாது. இதற்காகவே 2022-இல் வந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் கட்டடத்துக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. தள்ளிப்போடுவது எங்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தத் தள்ளிப்போடுதல் குழாயில் தொடங்குகிறது. முதல் காசு அதற்குத்தான் போனது.

கோயமுத்தூர் வீடுகளில் இரண்டு தண்ணி. சமையல்கட்டில் நல்ல தண்ணி, மற்ற இடமெல்லாம் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்றால் எங்கள் பக்கம் சிறுவாணி. அதன் ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த ஊர்க்காரர்கள் நிறுத்த மாட்டார்கள், நானும்தான். அணை கேரளத்துக்குள் இருக்கிறது, 1973 ஒப்பந்தத்தின் பேரில் நமக்குத் தண்ணி வருகிறது. மழை பொய்த்த வருஷம் ஊரே அணையின் மட்டத்தை கிரிக்கெட் ஸ்கோர் போல விசாரிக்கும். உப்புத் தண்ணி போர்வெல்லில் இருந்து வருவது. அதைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. ஆனால் குளிப்பதும் துவைப்பதும் கழுவுவதும் அதில்தான். வீட்டின் இரும்பைத் தின்பதும் அதுதான்.

பிளம்பர் பாத்ரூம் சுவரிலிருந்து ஒரு முழம் ஜி.ஐ. குழாயை அறுத்து என் கையில் கொடுத்தார். அரை இஞ்சுக் குழாய், கைக்குக் கனத்தது. வெளியே கொஞ்சம் துரு, அவ்வளவுதான். உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகி, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தேன், பெயரவில்லை.

"இத்தன வருசமா இதுலயா தண்ணி வந்துது?"

"வரலைங்க்கா. வடிஞ்சுது."

அப்பா பக்கெட்டைக் குழாயடியில் வைத்துவிட்டு வந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். அது அவருடைய நிதானம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பழைய குழாய் முழுவதையும் கழற்றிவிட்டு சி.பி.வி.சி. போட்டோம். புதுக் குழாயைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியிலேயே ஓட்டச் சொன்னேன். பார்க்க அழகில்லைதான். நாளைக்கு ஓர் இணைப்பு கசிந்தால் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

கரண்டுக்கும் அதே யோசனைதான். கூடத்தில் தேக்குப் பலகைப் பெட்டி, அதில் கருப்பு சுவிட்சுகள், மீட்டருக்குப் பக்கத்தில் பீங்கான் ஃப்யூஸ். இரண்டு பல்பும் ஒரு ரேடியோவும் ஒரு மிக்ஸியும் ஓடிய காலத்து வயரில் இன்று வருகிறவர்கள் ஏசி, ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் மாட்டுவார்கள். பழைய வயரை அப்படியே விட்டுவிட்டுப் புது சுவிட்ச் மட்டும் மாட்டித் தருகிற வீட்டுக்காரர்கள் உண்டு. அது வாடகைக்கு வருகிறவர் தலையில் நெருப்பு வைக்கிற வேலை. விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று புதிதாக இழுத்து, எம்.சி.பி. பெட்டியும், ஷாக் அடித்தால் உடனே கட் ஆகும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தோம். என் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு இதிலேயே போயிற்று. எலக்ட்ரீசியன் கழற்றிப் போட்ட தேக்குப் பலகையை மட்டும் எடைக்குப் போட விடவில்லை. துடைத்து, வாசலில் சாவி மாட்டும் பலகையாக அடித்தாயிற்று.

பாத்ரூம் கூரையில் ஈரம். எங்களுடையது முதல் மாடி, மேலே ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். பெயின்டர், வாட்டர்ப்ரூஃப் ஒரு கோட் அடித்துவிடலாம் என்றார். மேலிருந்து இறங்குகிற தண்ணியைக் கீழே நின்று தடுத்தால் அது நின்றுவிடாது, பக்கத்துச் சுவரைப் பார்த்து நடக்கும். ஆகவே மாடி ஏறினேன்.

"டீச்சருங்க, உங்க பாத்ரூம் தண்ணி எங்க ஊட்டுக்குள்ள எறங்குதுங்க."

"உங்கப்பா ஒருநாளும் சொன்னதில்லையே கண்ணு."

"அப்பா சொல்லமாட்டாருங்க. பழைய துணியப் போட்டுத் தொடச்சுக்குவாரு."

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, காப்பி குடிக்கிறாயா என்றார். குடித்து முடிக்கும்போது, பாதிச் செலவு தன்னுடையது என்றார். தண்ணி வடியும் நானி ட்ராப்பைச் சுற்றிப் பூச்சு விட்டிருந்தது, அவ்வளவுதான் கோளாறு. வேலை ஒரே நாளில் முடிந்தது. ஆனால் கூரை காயும்வரை பெயின்ட் அடிக்கக் கூடாது என்று நான் பெயின்டரைத் தடுத்து வைத்திருந்ததுதான் இந்த முழு வேலையிலும் பெரிய சண்டை. அவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருந்தது. ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் ஆறு மாசத்தில் அப்பளமாகப் பொரிந்து நிற்கும் என்பது அவருக்கும் தெரியும். பொரியும்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

இனி அந்தத் தரை. மொசைக். சிமென்ட்டில் பளிங்குச் சில்லுகளைக் கலந்து போட்டுத் தேய்த்த தரை. முப்பது முப்பத்தைந்து வருஷ அழுக்கும் மெழுகும் ஏறி, நாற்காலிக் கால்கள் இழுத்த கோடுகளோடு, பழுப்பாய்க் கிடந்தது. வந்து பார்த்த டைல்ஸ் மேஸ்திரி, உடைக்கக்கூட வேண்டாம், இதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்றார். தரை உயர்ந்தால் ஒவ்வொரு கதவின் அடியையும் அறுக்க வேண்டும், அது அவர் கணக்கில் வராத செலவு. டைல்ஸ் போடும் காசில் கால்வாசிக்கு மொசைக்கைப் பாலிஷ் செய்ய ஆள் கிடைத்தார். இப்போது அந்தத் தொழிலில் ஆட்கள் குறைவு, கிடைத்தவருக்கும் அறுபது வயசுக்கு மேல். முரட்டுக் கல்லில் ஆரம்பித்து நைசான கல் வரைக்கும் மாற்றி மாற்றி, தண்ணி ஊற்றி ஊற்றி மெஷினை ஓட்டினார். அறை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. பக்கெட் பக்கெட்டாகப் படியிறக்க வேண்டியிருந்தது, ஒரு துளியும் சாக்கடைக் குழாயில் போகக் கூடாது, போனால் அங்கேயே சிமென்ட்டாக இறுகிவிடும். சேற்றை வழித்ததும் பச்சை, சிவப்பு, சந்தன நிறச் சில்லுகள் வெளியே வந்தன. சமையல்கட்டு மூலையில் அம்மாவின் கிரைண்டர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அதிர்ந்த இடத்தில் ஒரு வெடிப்பு. பாலிஷ்காரர் தன் பையிலிருந்து ஒரு கைப்பிடிச் சில்லை எடுத்து, ஒயிட் சிமென்ட்டில் குழைத்து அடைத்தார். நிறம் லேசாக மாறித் தெரிகிறது. தெரியட்டும்.

கடப்பா கல் அலமாரிகளையும் தொடவில்லை. பிளைவுட் கப்போர்டு அடித்தால் போட்டோவில் நன்றாக இருக்கும், ஆனால் சிங்க்குக்கு அடியில் ஈரம் பட்டதும் ஊதிவிடும். கல்லுக்கு அந்தப் பயம் இல்லை. இரும்பு ஜன்னல்களின் கொக்கிகள் தேய்ந்துபோயிருந்தன. ஜன்னலையே மாற்றச் சொன்னார்கள். கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் மாதிரிக்கு ஒன்றைக் கொடுத்தேன், அதேபோல் கடைந்து கொடுத்துவிட்டார்கள். பம்ப்பும் மோட்டாரும் செய்து பிழைக்கும் ஊரில் இருப்பதன் வசதி இது. கடையில் கிடைக்காத சாமானைக் கடைந்து தர நாலு தெருவுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. வீட்டு மெயின் வால்வின் பித்தளைத் தண்டும் அங்கேதான் உயிர் பெற்றது.

பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூரைக்கு வெள்ளை, சுவருக்குச் சந்தன நிறம், விலை குறைந்த எமல்ஷன். விலை கூடியதை அடித்தாலும் அடுத்தவர் வரும்போது மறுபடி அடிக்கத்தான் வேண்டும். வருமான வரிக்காரர்களும் இதையேதான் ஒருவகையில் சொல்கிறார்கள். வாடகையில் மாநகராட்சி வரி போக மீதியில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் வரி போடுகிறார்கள். ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஐந்து லட்சம் செலவழித்தாலும் அதே 30.

புரோக்கர் போனில் முதலில் கேட்டது வாடகையை அல்ல. "எந்த ஆளுகளுக்குக் குடுப்பீங்க? சைவந்தானுங்க? பேமிலி மட்டுந்தானுங்களே?" நான் கேட்காத கேள்விகளை எனக்காக அவர் வருகிறவர்களிடம் கேட்பாராம், அதற்கும் சேர்த்துத்தான் ஒரு மாச வாடகை கமிஷன். மெயின் ரோட்டில் வெளிநாட்டுக் காபிக் கடை திறக்கும் இந்த ஊரில், ஒரு வீட்டுக்குள் நுழைய இன்னும் சாதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரை விட்டுவிட்டு கேட்டில் ஓர் அட்டை எழுதி மாட்டினேன்.

வந்தவர்களில் பலர் சுவரைப் பார்த்தார்கள், மாடுலர் கிச்சன் இல்லையா என்றார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு நர்ஸ் பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்குத் தேனிப் பக்கம், இன்னொருத்திக்குப் பாலக்காடு. தேனிப் பெண் நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணி பக்கெட்டின் அடியில் போய் அறைந்த சத்தம் கூடத்தில் கேட்டது. பிறகு சமையல்கட்டுக் குழாயைத் திறந்து, இது சிறுவாணியா என்று கேட்டு, உள்ளங்கையில் பிடித்துக் குடித்தாள். வாடகையில் ஆயிரம் குறைக்கச் சொன்னார்கள். ஐந்நூறு குறைத்தேன்.

2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவிதி. அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. பத்து மாச அட்வான்ஸ் வாங்கினால்தான் குடியிருப்பவர்களுக்குப் பயம் இருக்கும் என்றான். பத்து மாச அட்வான்ஸ் வாங்கியவர்கள் அதைத் திருப்பித் தர முடியாமல் குடியிருப்பவர்களுக்குப் பயந்துகொண்டு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாசத்துக்கே எழுதினோம்.

அபார்ட்மென்ட் செயலாளர் மட்டும் முறைத்தார். பேச்சிலர் பொண்ணுங்க, நேரங்கெட்ட நேரத்தில் வருவாங்க, போவாங்க என்றார். உப்புத் தண்ணி மோட்டாரைக் காலையில் யார் போடுவது என்று பன்னிரண்டு வீட்டுக்கும் எப்போதும் தகராறு. முறை வைத்தாலும் யாராவது மறந்து தூங்கிவிடுவார்கள், மாடித் தொட்டி காலியாகிவிடும். நைட் ட்யூட்டி முடிந்து வருகிறவர் காலை எட்டு மணிக்கு எப்படியும் அந்த மோட்டார் அறையைத் தாண்டித்தானே படியேற வேண்டும், நாங்களே போட்டுவிடுகிறோம் என்று பாலக்காட்டுப் பெண் முதல் வாரமே சொல்லிவிட்டாள். நைட் ட்யூட்டி இல்லாத வாரங்களில் பழையபடி டீச்சர்தான். அதற்கும் ஓர் அட்டவணை போட்டு மோட்டார் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள், செயலாளர் பெயரும் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக இருக்கிறது.