மழை எந்த வயலுக்கு?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் விடியும்போதே இரண்டு கேள்விகள் எழுந்துவிடும். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெரியவள் போர்வைக்குள் இருந்தபடியே, "அம்மா, இன்னிக்கு லீவு விட்டாச்சா?" என்பாள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என் மாமனார் தெருவில் போகிறவரை நிறுத்தி, "கொள்முதல் நிலையத்துல நெல்லு நனைஞ்சுதா?" என்பார். இருவரும் கேட்பது ஒரே மழையைப் பற்றித்தான். பேத்திக்கு அது எட்டு மணி வரையாவது விடாமல் பெய்ய வேண்டும். தாத்தாவுக்கு அது இன்னும் ஒரு வாரம் பொறுத்து வந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் திருக்கடையூர், காவிரியின் கடைமடை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது மரபு என்றாலும், அந்தத் தண்ணீர் கல்லணையைக் கடந்து, ஆறு வாய்க்காலாகிப் பிரிந்து பிரிந்து எங்கள் மடைக்கு வந்து சேர நாள் பல ஆகும். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் அதற்குக் காத்திராமல் குறுவை நட்டுவிடுவார்கள். புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி முதலில் அது அறுப்புக்கு வரும். பக்கத்து வயலில் அப்போதுதான் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கும். வரப்புக்கு இந்தப் பக்கம் அறுவடை, அந்தப் பக்கம் இளம்பயிர் என்று நிற்கிற நேரம் பார்த்து, வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி, வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதத்தில் கிடைப்பதுதான். அது வராமல் போனால் சம்பா இல்லை. முன்னால் வந்துவிட்டால் குறுவை வீடு சேராது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் மாமனார் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு நெல் காய்கிற இடத்துக்குப் போனார். நானும் போனேன். சாலை ஓரமாக நெல்லைக் கொட்டி, படுதாவால் மூடி, காற்றுக்குத் தூக்காமல் இருக்க ஓரங்களில் செங்கல் வைத்திருந்தார்கள். அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள் என்பது விதி. சில ஆண்டுகளில் மத்திய அரசு இதைத் தளர்த்தியிருக்கிறது. உத்தரவு வருவதற்குள் நெல் என்ன ஆகும் என்பதுதான் கவலை. படுதாவின் ஒரு முனையைத் தூக்கி, "உள்ள கையை விடு" என்றார் சின்னவனிடம். நாலு வயதுக் கை மணிக்கட்டு வரைக்கும் போனது. மேலே சில்லென்று இருந்த நெல் உள்ளே சுட்டது. ஈர நெல்லைக் குவித்து மூடினால் உள்ளுக்குள் சூடேறும். அவன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "தாத்தா, நெல்லுக்குக் காய்ச்சலா?" என்றான்.

"ஆமாண்டா தம்பி. இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தா முளைச்சிரும்" என்று சொல்லி, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிக் காட்டினார். பொன்நிற மணிகளுக்கு நடுவே சிலதில் நுனியில் வெள்ளையாக, ஊசி முனையளவு முளை. பெரியவள் பள்ளியில் பஞ்சுக்குள் பயறு வைத்து முளைக்க வைத்தவள். முளை என்றால் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த நெல் முளைத்தால் தாத்தாவுக்குக் காசு கிடைக்காது என்று கேட்டதும் அவள் முகம் குழம்பிப் போனது. திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தவள், வீட்டு வாசலில் நின்று, "தாத்தா, மழை நல்லதா கெட்டதா?" என்றாள்.

"எந்த வயலுக்குன்னு கேளு" என்றார் அவர்.

சாயங்காலமே சம்பா வயலுக்கும் கூட்டிப்போனார். அங்கே அதே மழையில் பயிர் தெளிந்து நின்றது. தவளை கத்தியது. மடையில் எதிர்நீச்சல் போட்டு ஏறிய கெண்டைக் குஞ்சுகளைச் சின்னவன் சட்டையால் பிடிக்கப் பார்த்தான். மாமனார் அவர்களுக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போய்க் காட்டினார், அவ்வளவுதான்.

பாடப்புத்தகத்தில் மழை எப்போதும் நல்லது. தொலைக்காட்சியில் இந்த மாதங்களில் அது எப்போதும் ஆபத்து. மாவட்டத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பூசிக் காட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் போதாது. அவர்கள் வளர்கிற ஊரில் ஒரே நாள் மழையில் ஒரு வீட்டில் சிரிப்பும் அடுத்த வீட்டில் பெருமூச்சும் இருக்கும். அதை ஏழு வயதிலேயே கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஸ்காட்லாந்தில் அக்டோபரில் பள்ளிகளுக்கு விடும் விடுமுறையை இன்றும் பேச்சுவழக்கில் உருளைக்கிழங்கு விடுமுறை என்கிறார்கள். ஒரு காலத்தில் பிள்ளைகள் கிழங்கு பொறுக்கப் போவதற்காகவே விட்ட விடுமுறை அது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் நிலத்தில் என்ன நடக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு மழை லீவு கைபேசியிலேயே கழிந்துவிடுகிறது.

இந்த வருஷம் மாமனார் தாழ்வான வயலில் போட்டிருப்பது சி.ஆர். 1009 சப் 1. வெள்ளத்தில் முழுகினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் ரகம். அந்தக் குணம் ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு நெல்லிலிருந்து விஞ்ஞானிகள் எடுத்துச் சேர்த்தது. மற்றப் பயிர் தண்ணீருக்கு மேலே தலை நீட்டப் பார்த்து, இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்து ஓய்ந்துவிடும். இது வளர்வதை நிறுத்திக்கொண்டு அப்படியே இருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். இதைக் கேட்டதிலிருந்து குளிக்கும்போதெல்லாம் சின்னவன் வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் தாத்தா நெல்லு" என்று மூச்சுப் பிடிக்கிறான்.

அந்த ரகத்தை அவர் தேடிப்போனதற்குக் காரணம் 2022 நவம்பர். எங்களுக்கு வடக்கே சீர்காழியில் ஒரே நாளில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் பெய்தது. வடகிழக்குப் பருவம் முழுவதிலும் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்கும் அளவு அது. செம்பனார்கோயில் பக்கமும் கொட்டித் தீர்த்தது. கடலுக்கு இவ்வளவு அருகில் வடிகால் நிறைந்துவிட்டால் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. சின்னவன் அப்போது கைக்குழந்தை. அவனை மார்போடு கட்டிக்கொண்டு, பெரியவளைக் கட்டில் மேல் உட்கார வைத்து நான் இருக்க, பால் எங்கே கிடைக்கும் என்று வீட்டுக்காரர் தண்ணீரில் இறங்கிப் போனார். சம்பா வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. பயிர்நுனி எங்காவது தெரிகிறதா என்று மாமனார் வரப்பு இருந்த திசையைப் பார்த்தபடி நின்றது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. மழையைப் பார்த்தால் குதிக்கிற பிள்ளைகளை அதட்டக் கூடாது. ஆனால் அவர்கள் குதிக்கிற அதே நேரத்தில் குடிசையில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்கிற வகுப்புத் தோழி இருக்கிறாள் என்று சொல்லாமல் விடவும் கூடாது.

லீவு நாள் வீட்டுக்குள் எப்படிப் போகிறது என்பது இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூடத்தில் குறுக்கே கட்டிய கயிற்றில் மூன்று நாள் சீருடை காயாமல் தொங்கும். ஒருவன் தும்மினால் மறுநாள் இன்னொருத்தி தும்முவாள். அத்தை, என் மாமியார், கற்பூரவல்லி இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்து தேன் விட்டுக் கொடுப்பார்கள். கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் தண்ணீர் தேங்கவிடாமல் கவிழ்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டெங்கு எங்கள் பக்கம் புதிதல்ல. மதியம் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்று வாய்த்திருக்கிறது. அமிர்தகடேஸ்வரர் கோயிலில் வருஷம் முழுக்கக் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தலை நரைத்திருக்கும். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால் அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கல்யாணம் என்றால் தாத்தா பாட்டிக்குத்தான் என்று நம்பியிருந்த சின்னவன் ஒருநாள், "அம்மா, உனக்கும் அப்பாவுக்கும் எப்போ கல்யாணம்?" என்று கேட்டான். கூட்டத்தில் நனைந்த பட்டுப்பாவாடையோடு வெளியூர்ப் பேரப்பிள்ளைகள் நிற்பார்கள். படம் எடுத்துக்கொண்டு, மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு, வேனில் ஏறிவிடுவார்கள். கோயிலை ஒட்டியே வயல் இருக்கிறது. அதில் இறங்குகிறவர்கள் குறைவு.

குங்கிலியக் கலய நாயனார் இந்த ஊர்க்காரர். வீட்டில் மனைவி மக்கள் பசியில் இருக்க, நெல் வாங்கச் சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை எடுத்துப் போனவர், வழியில் வந்த குங்கிலியப் பொதியை அதற்கு வாங்கிக் கோயிலில் சேர்த்துவிட்டார். இரவில் இறைவன் அவர் வீட்டை நெல்லாலும் பொன்னாலும் நிறைத்தான் என்று வரலாறு. மின்சாரம் போன ஒரு ராத்திரி அத்தை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீடு நிறைந்த இடம் வந்ததும் சின்னவன் கைதட்டினான். பெரியவள் தட்டவில்லை. "அப்பாயி, சாமி நெல்லு குடுக்குற வரைக்கும் அந்தப் புள்ளைங்க என்ன சாப்பிட்டுச்சு?" என்றாள். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணும் இல்லடி. பட்டினிதான்" என்றார்கள். மழுப்பாமல் சொன்னதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. அந்தக் கதையில் எத்தனையோ பேர் பக்தியைப் பார்க்கிறார்கள். எனக்கும் அது பெரிதுதான். ஆனால் பசித்திருந்த பிள்ளைகளை நினைத்துப் பார்க்க ஒரு பிள்ளையால்தான் முடிந்தது. ஈர நெல்லுக்குள் கை விட்டுப் பார்த்திருக்காவிட்டால் அவள் இதைக் கேட்டிருப்பாளா என்று தெரியாது. கேட்டிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அன்னாபிஷேகம். லிங்கத் திருமேனி முழுவதும் வடித்த சோறு. சம்பா வயலில் நிற்க, குறுவை அப்போதுதான் வீடு வந்திருக்கிற நாளில் சோற்றைச் சாமிக்குச் சாத்துவது எத்தனை பொருத்தம்! அபிஷேகம் ஆன பிறகு அந்த அன்னத்தைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். கொஞ்சம் நீர்நிலையில் கரைப்பார்கள், மீனுக்கு. தொன்னையில் வாங்கிய தயிர்ச்சோற்றில் பெரியவள் ஒரு பருக்கை கீழே விழாமல் சாப்பிட்டாள். நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஐப்பசிக் கடைசி நாள் மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் கடைமுகம். கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் மறுநாள், கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்குக்குப் போவதுதான் வழக்கம். நடக்க முடியாதவர் ஒருவர் ஐப்பசிக்குள் வந்து சேர முடியாமல் தவித்தபோது, அவருக்காக இறைவன் ஒரு நாள் கூட்டிக் கொடுத்தான் என்று கதை. காவிரியில் முழுகி எழுந்த மாமனார் தலையைத் துவட்டியபடி, "அறுப்புக்கும் ஒரு நாள் கூட்டிக் குடுத்தா தேவலை" என்றார். சின்னவன் உடனே கை கூப்பி, அவருக்காகச் சத்தமாக வேண்டிக்கொண்டான்.

ஐப்பசி, கார்த்திகையில் மணிவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாடு முடிந்ததும் உடனே வண்டியைக் கிளப்பாதீர்கள். ஆக்கூர்ச் சாலையிலோ தரங்கம்பாடிச் சாலையிலோ ஓரமாக நிறுத்தி, பேரப்பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். வயலில் யாராவது நிற்பார்கள். இந்த மழை இந்த வயலுக்கு நல்லதா என்று பிள்ளைகளே கேட்கட்டும். பதில் சொல்லாதவர் எங்கள் பக்கம் யாரும் இல்லை. அனுமதி கேட்டுக்கொண்டு வரப்பில் நடக்க விடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வரப்பு வழுக்கும்.